ராணுவ பேண்டு தேர்வில் தேறாத பிள்ளைகளின் கருவியை விற்றுவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் முப்படைகளின் இசைக்கலைஞர் பணிக்கான அறிவிப்பு வரும் நாட்களில், எங்கள் ஊர் தேநீர்க் கடையில் அந்தப் பக்கம் மட்டும் காணாமல் போய்விடும். யாராவது ஒரு தம்பி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மாலை பேண்டு ஒத்திகைக்கு வந்து நிற்பான். வயது வரம்பு, உயரம், கல்வித் தகுதி, விண்ணப்பிக்கும் முறை எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். தேர்வுக்குப் போய்த் தேறாமல் திரும்பியவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்வது என்பதை யாரும் எழுதி நான் படித்ததில்லை. எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் அப்படித் திரும்பியவர்கள்தாம். நானும் அவர்களில் ஒருத்தி. அவர்களுக்காகவும், அவர்களைவிட அதிகமாக அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நீளம் கருதிச் சுருக்க நேர்ந்தால், பெற்றோருக்கான பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் சாயர்புரத்தை ஒட்டிய ஒரு சிற்றூர். கிளாரினெட் வாசிக்கிறேன். கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலய பேண்டில் யூபோனியம் என்கிற பெரிய பித்தளை ஊதுகருவியை வாசிப்பார். மற்ற நாட்களில் கல்யாண வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் போகிற பேண்டு செட்டில் அதே யூபோனியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். குருத்தோலை ஞாயிறு பவனி, சபையார் கூடி உண்ணும் அசன விழா, கிறிஸ்துமஸ் கால இரவுப் பாட்டு, கல்லறைத் தோட்டம் வரை நடக்கும் அடக்கம் என்று எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் ஊதுகருவிகளுக்கு வேலை இருக்கும். பெண் பிள்ளை குழல் ஊதுவதா என்று கேட்டவர்களிடம், "அவள் பாடகர் குழுவில் பாடினால் உட்கார்ந்து கேட்கிறீர்களே, அதே மூச்சுதானே இது" என்று சித்தப்பா சொன்னார். அதன் பிறகு அந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கு வரவில்லை.

ஆண்டுதோறும் ஜனவரி 29 அன்று மாலை டெல்லி விஜய் சவுக்கில் நடக்கும் முப்படைகளின் பாசறை திரும்பும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்ப்பது எங்கள் வீட்டில் ஒரு பண்டிகை போன்றது. சிறுமியாக இருந்தபோது ஓர் ஆண்டு, நிகழ்ச்சியின் இறுதியில் எழுந்த மெட்டைக் கேட்டு நான் துள்ளிக் குதித்துவிட்டேன். நாங்கள் ஆலயத்தில் மாலை ஆராதனையில் பாடுகிற, அடக்கத்தின்போது வாசிக்கிற பாமாலை மெட்டு அது. ஆங்கிலத்தில் 'அபைட் வித் மீ' என்பார்கள். 2022 முதல் அதை அந்த நிகழ்ச்சியில் வாசிப்பதில்லை. ஆனால் எங்கள் சின்னக் கல்லறைத் தோட்டத்தில் ஒலிக்கும் மெட்டைக் குடியரசுத் தலைவர் முன்பாக நூற்றுக்கணக்கானவர்கள் வாசித்ததை அன்று பார்த்த பிறகு, எங்கள் வேலையைப் பற்றி எனக்கிருந்த எண்ணமே மாறிவிட்டது. நாம் செய்வது சின்ன வேலை இல்லை என்று பட்டது.

வேறொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாண பேண்டு செட்டின் சீருடை ராணுவ பேண்டைப் பார்த்துத் தைத்தது. தோளில் பொன்னிறக் குஞ்சம், மார்பில் குறுக்குப் பட்டை, தலையில் தொப்பி. அந்த உடையோடு மாப்பிள்ளை அழைப்பு முழுக்க வாசித்துவிட்டு, எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு சித்தப்பாவும் அவருடைய நண்பர்களும் மண்டபத்தின் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். துக்க வீடுகளில் வெயிலில் தெருவில்தான் நிற்க வேண்டும். தண்ணீர் கேட்டால் கொண்டுவருகிறவர் முகத்தைப் பார்க்க மாட்டார். அதே கருவி, அதே மூச்சு, ஏறக்குறைய அதே உடை. ராணுவத்தில் வாசித்தால் மரியாதையும் மாதச் சம்பளமும் கிடைக்கின்றன. ஆகவே எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்தத் தேர்வு ஒரு வேலைக்கான தேர்வு மட்டுமாக இருப்பதில்லை. ஒரு பையனோ பெண்ணோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கு ரயில் ஏறும்போது, பந்தியின் பின்பக்கம் சாப்பிட்ட அத்தனை பேரும் அந்தப் பெட்டிக்குள் ஏறிக்கொள்கிறார்கள். தேறாமல் திரும்பும்போது கனக்கிற கனம் அதுதான். இதைப் புரிந்துகொள்ளாமல், "விடு, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று முதுகில் தட்டுவதால் ஒரு பயனும் இல்லை.

விமானப்படையின் அக்னிவீர் வாயு இசைக்கலைஞர் பணிக்கு 2024இல் வந்த அறிவிப்பில் திருமணமாகாத ஆண்கள், பெண்கள் இரு பாலரும் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தென்பகுதியினருக்குப் பெங்களூரு கப்பன் சாலையில் உள்ள தேர்வு மையம். தூத்துக்குடியில் மாலையில் மைசூரு எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பெங்களூரு. இசைத் திறன் தவிர ஆங்கில எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. பெண்கள் 1.6 கிலோமீட்டரை 8 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். தேரி என்கிற செம்மணல் மேட்டில் ஓடிப் பழகிய எனக்குத் தார்ச் சாலை ஓட்டம் சிரமமாக இல்லை. இதைப் படிக்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அந்த ஓட்டப் பயிற்சி வீணாகப் போவதே இல்லை. ஒரே மூச்சில் நீண்ட சுரம் பிடிக்கும் என் திறன் கூடியது ஓடத் தொடங்கிய பிறகுதான்.

இசைத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்பது அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பத்தியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். தயாரித்துக்கொண்டு போன ஓர் உருப்படியை வாசிக்க வேண்டும். தாளமும் சுருதியும் பிசகாமல் ஒரு பாட்டை முழுமையாகப் பாட வேண்டும். இசைக்குறிப்பு முறைகளில் ஏதேனும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையோ, கர்நாடக, இந்துஸ்தானி முறைகளோ, நாங்கள் பாடகர் குழுவில் படித்த, டோ, ரே, மி என்று சுரங்களை எழுதும் டானிக் சால்ஃபாவோ எதுவானாலும் சரி. கருவியைச் சுருதி சேர்க்கத் தெரிய வேண்டும். கடைசியாக, முன்பின் தெரியாத ஒரு சுரத்தை ஒலிக்கவிட்டால் அதைக் குரலிலோ கருவியிலோ பிடித்துச் சேர வேண்டும்.

இந்தக் கடைசி இரண்டும்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சோதனை. காரணம் இருக்கிறது. எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து ஆலயங்களில் கற்றுத்தரும் டானிக் சால்ஃபாவில் 'டோ' எங்கே என்று முதலில் சொல்லிவிடுவார்கள். அதை வைத்து மற்ற சுரங்களைக் கண்டுகொள்வோம். தன்னந்தனியாக ஒரு சுரம் மட்டும் ஒலித்தால் அதற்கு எங்கள் காதில் பெயர் கிடையாது. கிளாரினெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பி ஃப்ளாட் கிளாரினெட்டில் நாம் 'ஸி' என்று பிடிக்கும் சுரம் பியானோவின் பி ஃப்ளாட்டாக ஒலிக்கும். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் ஒலிக்கும் சுரத்துக்கும் என் விரலுக்கும் இடையே ஒரு கணக்கு ஓட வேண்டும். அதுவும் தனியாக நின்று. எங்கள் பேண்டில் யாரும் எப்போதும் தனியாக வாசித்ததில்லை. பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஊதும்போது ஒருவர் மூச்சு வாங்கினால் அடுத்தவர் தாங்கிக்கொள்வார். அது எங்கள் பலம். ஆனால் ஓர் அறையில் தனியாக நிற்கும்போது அந்தத் தாங்கல் இல்லை.

குளிரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஊதுகருவியில் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்திருந்தால் சுருதி இறங்கும், சூடேறினால் ஏறும். தூத்துக்குடி வெயிலில் பழகிய காதும் உதடும் பெங்களூருக் காலைக் குளிரில் தடுமாறும். முறை வருவதற்கு முன் கருவியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முதல் முறை போனபோது இதை எனக்குச் சொன்னவர் வரிசையில் என் முன்னால் நின்ற, கேரளத்திலிருந்து வந்திருந்த ஒரு சாக்ஸஃபோன்காரர். போட்டியாளர் என்று நினைக்காமல் சொன்னார். அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

நான் தேர்வாகவில்லை. பிறகு மறுபடி முயன்றபோதும் ஆகவில்லை. இதில் யார்மீதும் எனக்கு வருத்தம் இல்லை. என்னைவிட நன்றாக வாசித்தவர்களை அங்கே என் காதாலேயே கேட்டேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நடப்பதைத்தான் எழுத வேண்டும். முதல் சில நாட்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அந்த அமைதி திட்டுவதைவிடக் கொடுமையானது. பிறகு உறவினர்கள் ஒவ்வொருவராக, "அடுத்து என்ன?" என்பார்கள். அந்தக் கேள்வியில் தவறு இல்லை. ஆனால் பெற்றோர் அதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும் என்று பதறிப்போய் முதலில் கை வைப்பது கருவியின் மேல்தான். எங்கள் பேண்டில் ட்ரம்பெட் வாசித்த ஒரு தம்பி இருந்தான். உயர்ந்த சுரங்களை அவ்வளவு சுத்தமாகப் பிடிக்க எங்கள் வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. தேறாமல் திரும்பிய அந்த மாதமே, "இது கண்ணில் பட்டால் இவன் வேறு வேலைக்குப் போக மாட்டான்" என்று அவனுடைய அப்பா ட்ரம்பெட்டை விற்றுவிட்டார். நல்ல மனிதர், மகன் மேல் இருந்த பயத்தில் செய்தது. தம்பி இப்போது திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக் கடையில் இருக்கிறான். சேலை எடுக்கப் போயிருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது வலது கையின் மூன்று விரல்கள் மேசைமேல் தாமாக அசைந்துகொண்டிருந்தன. அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க அவனுக்கு வயது மீதமிருந்தது. கருவிதான் இல்லை.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். வேறு வேலை தேடச் சொல்லுங்கள், படிக்க அனுப்புங்கள், அது உங்கள் கடமை. கருவியை மட்டும் வீட்டில் வையுங்கள். ஜவுளிக் கடையிலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்பும் பையனும் அரை மணி நேரம் நீண்ட சுரம் பிடிக்க முடியும். ஒரு மாதம் ஊதாமல் விட்டால் உதட்டுத் தசை தளர்ந்துபோகும். அதை மீட்க அதைவிட நாளாகும். விற்ற கருவியை விற்ற விலைக்கு யாரும் திருப்பித் தருவதில்லை. மீரட்டில் செய்த சாதாரணப் பித்தளை ட்ரம்பெட் என்றாலும், அந்த வாய்க்குப் பழகிய ட்ரம்பெட் அது ஒன்றுதான்.

என் வீட்டில் கருவியை விற்கவில்லை. நான்தான் பெட்டியைத் திறக்கவில்லை. அந்த வாரங்களில் எனக்கு அறிவுரைகள் நிறையக் கிடைத்தன. தோல்வியே வெற்றிக்கு முதல் படி என்றார்கள். பெரியவர்களின் அன்பு புரிந்தது. கை மட்டும் பெட்டிப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு நாள் எங்கள் தொடக்கப் பள்ளியில் பல ஆண்டுகள் பணிபுரிந்த ஓர் ஆசிரியை இறந்துபோனார். எனக்கு எழுத்துக் கற்றுத்தந்தவர். அடக்கத்துக்கு பேண்டு போக வேண்டும். இரண்டாவது கிளாரினெட் வாசிக்கும் அண்ணன் திருப்பூரில் இருந்தார். சித்தப்பா என்னை அழைக்கவும் இல்லை, வற்புறுத்தவும் இல்லை. வாசலில் ஒரு டம்ளர் தண்ணீரில் என் ரீடை, அதாவது கிளாரினெட்டின் வாயில் பொருத்தி ஊதும் மெல்லிய நாணல் பட்டையை, ஊறப்போட்டுவிட்டு, "நாலு மணிக்கு எடுக்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போனேன். வாசித்தேன். அன்று யாரும் என்னைத் தேர்வு செய்யவில்லை, நிராகரிக்கவும் இல்லை. ஆசிரியை அம்மாவை வழியனுப்ப இரண்டாவது கிளாரினெட் தேவைப்பட்டது. அது நானாக இருந்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது மனம் லேசாக இருந்தது என்று சொன்னால் சிலருக்குத் தவறாகப் படலாம். ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஊக்கம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது எனக்கு வந்தது இப்படித்தான். யாருடைய பேச்சிலிருந்தும் வரவில்லை. நான் வாசித்தால் ஒரு வேலை நடக்கும், வாசிக்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும் என்ற நிலைமையிலிருந்து வந்தது. ஆகவே தேறாமல் திரும்பிய பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துத் தேற்றுவதைவிட, அந்த வாரமே வாசிக்க ஓர் இடம் தருவது மேல். ஆலயம் இருந்தால் ஆலயம். பள்ளி ஆண்டு விழா, கோயில் கொடை விழா, நண்பன் வீட்டுக் கல்யாணம், எதுவாக இருந்தாலும் சரி.

இரண்டாவதாக எனக்கு உதவியது ஒரு நோட்டு. பெங்களூரிலிருந்து திரும்பிய ரயிலிலேயே, நினைவு மங்குவதற்குள், என்ன கேட்டார்கள், நான் என்ன செய்தேன், எங்கே விரல் நின்றது, எங்கே மூச்சு குறைந்தது என்று வரிசையாக எழுதி வைத்திருந்தேன். எழுதும்போது அழுகை வந்தது. ஆனால் பின்னால் திறந்து பார்த்தபோது, "நான் லாயக்கற்றவள்" என்று மனதில் ஓடிக்கொண்டிருந்த பெரிய வாக்கியம் அந்த நோட்டில் எங்கும் இல்லை. தெரியாத சுரத்தைச் சேர நேரமாயிற்று என்று இருந்தது. நடுக் குரலிலிருந்து மேல் குரலுக்குத் தாண்டும்போது ஒலி உடைந்தது என்று இருந்தது. இவை இரண்டும் வேலை செய்தால் சரியாகக்கூடியவை. கிளாரினெட் வாசிப்பவர்களுக்குத் தெரியும்: புல்லாங்குழலும் சாக்ஸஃபோனும் மேலே தாண்டினால் எட்டாவது சுரத்துக்குப் போகும், கிளாரினெட் மட்டும் பன்னிரண்டாவதுக்குத் தாவும். அந்தத் தாவல் விழும் இடத்தில் ஒன்றிரண்டு விரலில் இருந்து எல்லா விரலுக்கும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். உலகம் முழுக்க கிளாரினெட்காரர்கள் திணறுகிற இடம் அது. எனக்கு மட்டும் வந்த சாபம் இல்லை என்று தெரிந்ததே பாதி மருந்தாயிற்று.

தெரியாத சுரத்துக்கு என் தம்பியை வேலைக்கு வைத்தேன். அவன் அடுத்த அறையில் சிறிய கீபோர்டில் ஏதாவது ஒரு கட்டையை அழுத்துவான். நான் முதலில் வாய் மூடி முனகிச் சேர்ந்து, பிறகு கருவியில் தேடுவேன். தொடக்கத்தில் தடவித் தடவித்தான் கிடைத்தது. மாதங்கள் போகப் போகத் தேடுவது குறைந்தது. பள்ளி மணி, பஸ் ஹாரன், மாவு மில் இயந்திரம் எதைக் கேட்டாலும் அதன் சுரத்தை முனகிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. தனியாக வாசிக்கும் கூச்சத்துக்கு, ஞாயிறு ஆராதனையில் காணிக்கை எடுக்கும் நேரத்தில் ஒரு பாமாலையைத் தனியாக வாசிக்க ஆயரிடம் அனுமதி கேட்டேன். கொடுத்தார். முதல் ஞாயிறு முழங்கால் நடுங்கியது. சபை மக்கள் எதையும் கவனிக்காதது போல அன்போடு காணிக்கைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு தேர்வுகளுக்கு இடையே பல மாத இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நாம் முன்னேறுகிறோமா என்று தெரியாமல் போவதுதான் பலரைச் சோர்வடைய வைக்கிறது. அதற்கு டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் தரநிலைத் தேர்வுகள் ஒரு வழி. கையில் கொடுத்த தாளைப் பார்த்தவுடன் வாசிப்பது, காதால் கேட்டுப் பதில் சொல்வது போன்றவை அதிலும் உண்டு. கட்டணம் நம்மைப் போன்றவர்களுக்குக் கனமானதுதான், மறுக்கவில்லை. கட்ட முடியாதவர்கள் பாடத்திட்டத்தை மட்டும் பார்த்து அதன்படி பழகினாலும் பலன் உண்டு. கடற்படையின் இசைக்கலைஞர் தேர்வையும் பார்த்து வையுங்கள். அதற்குத் தனி அறிவிப்பு வரும்; இறுதித் தேர்வு மும்பையில் ஐ.என்.எஸ். குஞ்ஞாலி தளத்தில். ஒரே வாசலை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயத்தை இளையவர்கள் கண் திறந்து பார்க்க வேண்டும். 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி அக்னிவீரர்களாகத் தேர்வானவர்களின் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரப் பணியில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்கிற மொத்தத் தொகையோடு ஊர் திரும்புவார்கள். அதாவது, "இந்தக் கருவியை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது?" என்ற கேள்வி இன்று தேறாதவனுக்கு வருகிறது, தேறியவர்களில் பலருக்கும் இருபத்தைந்து வயதுக்குள் வரும். இதைச் சொல்வது தேர்வானவர்களைக் குறைத்துப் பேச அல்ல. எங்கள் ஊரில் யாராவது தேர்வானால் பேண்டோடு ரயில் நிலையம் வரை போவோம். ஆனால் சீருடைக்கு வெளியிலும் வாசிப்பதற்கு ஒரு வாழ்வு வேண்டும் என்பது இரு சாராருக்கும் பொதுவான தேவை.

அந்த வாழ்வு நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டை ராணுவ பேண்டின் இசையைக் கேட்டிருக்கிறார். அந்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருத சாகித்தியம் செய்தவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள். பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு அது. அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வயலின் கற்றதும் அங்கேதான். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே ஐரோப்பிய முறை பேண்டு வைத்திருந்தார். என் கையில் இருக்கிற கிளாரினெட் சின்ன மேளம் என்கிற சதிர் நாட்டியக் குழுவில் புகுந்து, நாட்டியத்துக்கு வாசித்து, கச்சேரி மேடை ஏறி, கிளாரினெட் கலைஞர் ஏ.கே.சி. நடராஜன் அவர்களிடம் வந்து சேர்ந்தபோது 2008இல் சங்கீத கலாநிதி விருது பெற்றது. ராணுவ பேண்டிலிருந்து இசையைக் கேட்டு எடுத்துத் தனதாக்கிக்கொண்ட ஊர் நம்முடையது. அந்த பேண்டில் இடம் கிடைக்காத ஒரு தமிழ்ப் பிள்ளை தன் கருவியை அந்நியமாக நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் கற்றுத்தருகிறார்கள். மிகவும் நல்ல பள்ளிகள். என் தோழி ஒருத்தி அங்கே வயலின் படித்தாள். அதே கூரையின் கீழ் கிளாரினெட், ட்ரம்பெட், யூபோனியம் போன்ற பேண்டு கருவிகளுக்கும் ஓர் ஆசிரியரை நியமித்தால் என்ன? தமிழ்நாட்டில் பேண்டு செட் இல்லாத வட்டாரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே வாசிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுடைய பிள்ளைகளுக்குக் குறிப்பு பார்த்து வாசிக்கவும், சுருதி சேர்க்கவும், தனியாக நிற்கவும் யாராவது முறையாகக் கற்றுத்தர வேண்டும். ராணுவம் தன் இசைக்கலைஞர்களுக்காக 1950இலேயே தனியாக ஓர் இசைப் பள்ளி தொடங்கி, மத்தியப் பிரதேசம் பச்மரியில் இன்றும் பயிற்சி தருகிறது. தேர்வானவர்களுக்கே பள்ளி தேவைப்படுகிறது என்றால், தேர்வுக்குப் போகிறவர்களுக்கு எவ்வளவு தேவைப்படும்!

ஆலய நிர்வாகிகளுக்கு, கோயில் கொடைக் குழுவினருக்கு, கல்யாண வீட்டாருக்கு ஒரு சொல். வாசிக்க வருகிறவர்களை முதல் பந்தியில் உட்கார வையுங்கள். இது சலுகை இல்லை. அடுத்து அவர்கள் ஊத வேண்டும், வயிறு காய்ந்து ஊத முடியாது. எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தார் சென்ற தை மாதம் அப்படிச் செய்தார்கள். சித்தப்பா அன்று மாலை ஊர்வலத்தில் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அதன் பலன் தெரியும்.

எனக்கு வயது வரம்பு கடந்துவிட்டது. இனி அந்த வரிசையில் நிற்க முடியாது. பகலில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பெட்டி ரீட் வாங்கினேன். நம் பக்கத்தில் கடைகளில் கிடைக்காது, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும். தேர்வு இல்லாமலும் எதற்குப் பயிற்சி என்று அம்மா ஒரு நாள் கேட்டார்கள். கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். மேல் குரல் இப்போது உடையாமல் வருகிறது அம்மா, கேளுங்கள் என்று வாசித்துக் காட்டினேன்.

கடைசியாக ஓர் அறிவிப்பை வெளியிட்டு உதவ வேண்டுகிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் திண்ணையில் நாங்கள் சிலர் கூடுகிறோம். சுருதி சேர்த்தல், தெரியாத சுரம் கண்டுபிடித்தல், பார்த்தவுடன் வாசித்தல் ஆகியவற்றைப் பழகுகிறோம். ஒவ்வொருவரும் ஒரு முறையாவது தனியாக வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது விதி. எந்த மதத்தவரும், எந்தக் கருவிக்காரரும் வரலாம். நாதசுரம் வாசிக்கும் தம்பி ஒருவர் ஏற்கெனவே வருகிறார். கட்டணம் கிடையாது. தேர்வுக்குப் போகவிருப்பவர்கள் வரட்டும். தேறாமல் திரும்பியவர்கள் கட்டாயம் வரட்டும். கருவியை விற்றுவிட்டவர்களும் வரலாம். ஒரு பழைய ட்ரம்பெட்டைப் பழுது பார்த்து வைத்திருக்கிறோம். முதலில் அதை அந்த ஜவுளிக் கடைத் தம்பிக்குத்தான் சொல்லியனுப்பியிருக்கிறேன். வார விடுமுறையைச் சனிக்கிழமைக்கு மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேட்டிருப்பதாகச் சொன்னான்.

இப்படிக்கு,
கிளாரினெட் வாசிக்கும் ஒரு வாசகி,
சாயர்புரம் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.